ஸ்டூடியோ அண்ணன் கம்ப்யூட்டர் வாங்கிய கதை

வீடியோ எடிட்டிங்குக்குப் புது கம்ப்யூட்டர் வாங்கப் போவதாக யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். கேட்பவர் டீக்கடைக்காரராக இருந்தாலும் சரி, சாஃப்ட்வேர் இன்ஜினியராக இருந்தாலும் சரி, முதல் கேள்வி ஒன்றுதான். "எத்தனை ஜிபி ரேம்?" 16 என்றால் உதட்டைப் பிதுக்குவார். 32 என்றால் "ம்ம், பரவால்ல". 64 என்று சொன்னால்தான் முகத்தில் ஒரு மரியாதை வரும், மாப்பிள்ளையின் சம்பளத்தைக் கேட்டதும் பெண் வீட்டாருக்கு வருவது போல. எந்தக் கேமராவில் எடுத்த வீடியோ, எந்த ஃபார்மேட், இப்போது எந்த இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறது என்று ஒருவரும் கேட்பதில்லை.

திண்டிவனம் பக்கத்தில் கல்யாண வீடியோ எடுக்கும் ஒருவருக்கும் இதே கதைதான் நடந்தது. ஊரில் எல்லோருக்கும் அவர் ஸ்டூடியோ அண்ணன். அவர் மனைவி அண்ணி. இருவரும் சேர்ந்துதான் தொழில் நடத்துகிறார்கள். அண்ணன் கேமராவும் எடிட்டிங்கும். அண்ணி கணக்கு, ஆல்பம், பாக்கி வசூல், அப்புறம் "வீடியோ எப்ப வரும்?" என்று கேட்கும் மாமியார்களைச் சமாளிப்பது. (நான்கில் கடைசிதான் கஷ்டமான வேலை.)

அவர்களிடம் இருந்த பெட்டி 2015-இல் வாங்கியது. இன்டெல் நான்காம் தலைமுறை ஐ7, 16 ஜிபி டிடிஆர்3 ரேம். அந்தக் காலத்துக்கு அது ராஜா. ஹெச்டி வீடியோவை வெண்ணெய் மாதிரி வெட்டித் தள்ளியது. ஒன்பது வருடம் சோறு போட்டது. 2024-இல் அண்ணியின் சங்கிலியை அடகு வைத்து ஒரு புது கேமரா வாங்கினார்கள். 4கே, 10 பிட். அன்றோடு பழைய பெட்டிக்குச் சனி பிடித்தது. தாலி கட்டும் காட்சியை ஓட்டினால் மாப்பிள்ளை கை பாதி வழியில் நிற்கும், மூன்று வினாடி கழித்து முடிச்சு விழுந்திருக்கும். நடுவில் என்ன நடந்தது என்று ஐயருக்குத்தான் வெளிச்சம். போதாக்குறைக்கு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் வழக்கமான ஆதரவை நிறுத்தியது. அந்தப் பழைய ப்ராசஸரோ விண்டோஸ் 11-க்குத் தகுதியான பட்டியலிலேயே இல்லை.

2025 ஆடி மாதம். முகூர்த்தம் இல்லை, கையில் நேரம் இருந்தது, பணம் இல்லை. சென்னைக்குப் போய் ரிச்சி தெருவில் ஒரு கடையில் கொட்டேஷன் மட்டும் வாங்கி வந்தார் அண்ணன். "64 ஜிபி போட்டுக்கங்க சார், அடுத்த பத்து வருஷத்துக்குக் கவலையே இல்ல" என்றார் கடைக்காரர். விலையும் பயப்படும்படி இல்லை. ஆவணி, ஐப்பசி, கார்த்திகை முகூர்த்தங்களின் பாக்கி வசூலானதும் மார்கழியில் வாங்கிவிடலாம், தை பிறப்பதற்குள் பெட்டி தயாராக இருக்கும் என்று திட்டம். கல்யாணத் தொழிலில் இருப்பவர்களுக்கு மார்கழிதான் மூச்சுவிடும் மாதம்.

மார்கழி வந்தது. அதே கடைக்குப் போன் செய்தால் அதே ரேமுக்கு ஆடியில் சொன்னதைப் போல மூன்று மடங்கு விலை! அண்ணன் முதலில் கடைக்காரர் விளையாடுகிறார் என்றுதான் நினைத்தார். இன்னும் நாலு கடையில் கேட்டார். எல்லோரும் ஒரே பாட்டு.

கடைக்காரர்கள் மேல் குற்றமில்லை. உலகத்துக்கு வேண்டிய மெமரி சிப்பில் பெரும்பகுதியைச் செய்வது மூன்றே கம்பெனிகள். சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான். ஏஐ சர்வர்களுக்கு ஹெச்பிஎம் என்று ஒரு தனி ரக மெமரி வேண்டும். ஒரே அளவு மெமரிக்கு, சாதாரண ரேமைப் போலக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு சிலிக்கான் தட்டை அது விழுங்கிவிடும். லாபமும் அதில்தான். அதனால் கம்பெனிகள் அந்தப் பக்கம் திரும்ப, நம் வீட்டுப் பெட்டிக்கான ரேமுக்குப் பஞ்சம். மைக்ரான் 2025 டிசம்பர் 3-ஆம் தேதி, 'க்ரூஷியல்' என்ற பெயரில் பொதுமக்களுக்கு ரேம் விற்கும் தொழிலையே மூடப் போவதாக அறிவித்துவிட்டது. எங்கோ அமெரிக்காவில் ஒருவர் ஏஐயிடம் பூனைப் படம் வரைந்து கேட்க, அதற்கான செலவில் ஒரு பங்கு திண்டிவனத்துத் தலையில் விழுந்தது.

கையில் இருந்தது 85,000 ரூபாய். கடைக்காரர் சொன்ன 64 ஜிபி பெட்டிக்கு இன்னும் ஏறக்குறைய 50,000 வேண்டும். வீட்டில் மிச்சம் இருந்தது அண்ணியின் இரண்டு வளையல்.

"வளையலையும் வெச்சிடலாமா?" என்று அண்ணன் இழுத்தார்.

அண்ணி உடனே மாட்டேன் என்று சொல்லவில்லை. "ஏங்க, 64 எதுக்குன்னு யாராவது சொன்னாங்களா?" என்று மட்டும் கேட்டார்.

அண்ணனிடம் பதில் இல்லை. எல்லோரும் சொன்னார்கள், அவ்வளவுதான்.

அண்ணி பாக்கி எழுதும் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கினார். விண்டோஸில் டாஸ்க் மேனேஜர் என்று ஒன்று உண்டு, கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வரும். ப்ராசஸர் எவ்வளவு, மெமரி எவ்வளவு, டிஸ்க் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும். காசு பத்து பைசா செலவில்லை. ஒரு வாரம் அண்ணன் எடிட் செய்ய, அண்ணி அரை மணிக்கு ஒருமுறை வந்து எண்களைக் குறித்துக்கொண்டே இருந்தார். எந்த வேலை, எங்கே நின்றது, எவ்வளவு நேரம் காத்திருந்தோம் என்று. இந்த ஒரு வார நோட்டுதான் கதையில் முக்கியமான மேட்டர்.

நோட்டு சொன்னது இதுதான். இரண்டு கேமரா 4கே காட்சிகளை வெட்டி ஒட்டும்போது மெமரி 16-இல் 11, 12 ஜிபியைத் தாண்டவே இல்லை. ஆனால் ப்ராசஸர் 100 சதவீதத்தில் நின்று மூச்சு வாங்கியது. வீடியோ திக்கித் திணறுவது முழுக்க இந்த இடத்தில். அதுவே டைட்டில் செய்யும்போது கதை வேறு. மணமக்கள் பெயர் பூ விரிந்து வருமே, அந்த 20 வினாடி. அப்போது மெமரி கூரையைத் தொட்டது, டிஸ்க்கும் 100 சதவீதத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டது.

ஆக நோய் ஒன்றல்ல, இரண்டு. எல்லோரும் எழுதிக் கொடுத்த மருந்து இரண்டாவது நோய்க்கு மட்டும்தான்.

கல்யாண மண்டபத்தையே எடுத்துக்கொள்ளுங்களேன். ஹார்ட் டிஸ்க் என்பது ஸ்டோர் ரூம். ரேம் என்பது பந்தி நடக்கும் ஹால். ப்ராசஸர் சமையல்காரர். ஹால் சின்னதாக இருந்தால் ஆட்கள் வெளியே நிற்க வேண்டும், உண்மை. ஆனால் சமையல்கட்டில் சோறு வடிக்கவே இல்லை என்றால்? ஹாலை இடித்துப் பெரிதாக்கி ஆயிரம் இலை போட்டாலும் இலைதான் காற்றில் பறக்கும்.

முதல் நோய்க்குக் காரணம் புது கேமரா பதிவு செய்யும் ஃபார்மேட். பெயர் எச்.265, 10 பிட், 4:2:2. இதில் நிறத் தகவல் அதிகம். பட்டுப்புடவையின் அரக்கு நிறத்தைப் பின்னால் சரிசெய்ய வசதி. ஆனால் வீடியோவை இறுக்கிச் சுருக்கி வைத்திருக்கும். ஓட்டும்போது ஒவ்வொரு படமாகப் பிரித்தெடுக்க வேண்டும். இதற்கென்றே சிப்பில் தனியாக ஒரு பகுதி இருந்தால் நோகாமல் பிரிக்கும். இல்லையென்றால் ப்ராசஸர் தன் கையால் பிரித்துச் சாக வேண்டியதுதான். 2015 பெட்டிக்கு எச்.265 என்றால் என்னவென்றே தெரியாது.

இதை விளக்கியது ஒரு பையன். ஒரு காலத்தில் அண்ணனுக்கு லைட் பிடித்தவன், இன்று சாலிகிராமத்தில் எடிட்டர். போனில் அரை மணி நேரம் பேசினான். "அண்ணே, ரேமை அப்புறம் பாத்துக்கலாம். இன்டெல்ல 11-ஆம் தலைமுறையில இருந்து உள்ளேயே கிராஃபிக்ஸ் இருக்கு பாருங்க, அது இந்த 4:2:2-வை அல்வா மாதிரி பிரிக்கும். ஆனா மாடல் நம்பர் கடைசியில எஃப்னு இருந்தா தொடாதீங்க. எஃப்னா உள்ள கிராஃபிக்ஸ் கிடையாது."

கடைக்காரர் கொடுத்த 64 ஜிபி கொட்டேஷனை அண்ணி எடுத்துப் பார்த்தார். ப்ராசஸர் நம்பருக்குப் பின்னால் பவ்யமாக ஒரு எஃப் உட்கார்ந்திருந்தது!

கடைக்காரர் ஏமாற்றினார் என்று சொல்ல முடியாது. எஃப் மாடல் கொஞ்சம் விலை குறைவு. தனி கிராஃபிக்ஸ் கார்டு போடுகிறோமே, உள்ளே இருப்பது எதற்கு என்று கேம் ஆடுபவர்களுக்கு அதையேதான் கொடுப்பார்கள், அவர்களுக்கு அது சரியும்கூட. ஆனால் அந்தக் கொட்டேஷனில் இருந்த கிராஃபிக்ஸ் கார்டு பழைய தலைமுறை, 4:2:2-வைப் பிரிக்கத் தெரியாதது. என்விடியாவில் 2025-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் அந்த வசதி வந்தது. அதாவது வளையலை வைத்து 64 ஜிபி வாங்கியிருந்தால், தாலி கட்டும் காட்சியை முழுக்க அந்த ப்ராசஸரே தலையில் சுமந்திருக்கும். புது ப்ராசஸர் என்பதால் பழையதைவிட ஓடும்தான். ஆனால் கொடுத்த காசுக்கு ஓட வேண்டிய ஓட்டம் அது இல்லை.

இரண்டாவது நோய்க்கு வருவோம். இங்கேதான் ரேம் உண்மையிலேயே வேண்டும். எவ்வளவு வேண்டும் என்பதற்கு ஜோசியம் தேவையில்லை, பெருக்கல் போதும். 4கே படம் ஒன்றில் 3840 பெருக்கல் 2160, அதாவது 82,94,400 புள்ளிகள். ஒரு புள்ளிக்கு 4 பைட் என்றால் ஒரு படம் ஏறக்குறைய 33 எம்பி. நம் ஊர்க் கணக்கில் வினாடிக்கு 25 படம். 20 வினாடி டைட்டிலுக்கு 500 படம். 500 படத்தையும் பிரித்து ரேமில் வைத்தால்தான் தடங்கலில்லாமல் ஓட்டிப் பார்க்கலாம். 500 பெருக்கல் 33, சுமார் 16.5 ஜிபி! பழைய பெட்டியின் மொத்த ரேமே அவ்வளவுதான், அதிலும் விண்டோஸும் மென்பொருளும் குடியிருக்கும். இடம் போதாமல் டிஸ்க்கை ரேமாக நினைத்துக்கொண்டு எழுதத் தொடங்கும், அந்தப் பெட்டியில் இருந்ததோ பழைய ஹார்ட் டிஸ்க். அப்புறம் டீ குடித்துவிட்டு வரலாம். இதுவே ஹெச்டியாக இருந்தால் ஒரு படம் 8 எம்பி சொச்சம், 20 வினாடி சுமார் 4 ஜிபி. ஒன்பது வருடம் 16 ஜிபி ஏன் போதுமானதாக இருந்தது என்பதும் இதில் தெரிந்துவிடுகிறது.

நிறத்தின் ஆழத்தைக் கூட்டினால் இந்தக் கணக்கு இரண்டு மடங்காகும், 32 ஜிபியும் போதாது. அதனால்தான் 64 என்கிறார்கள் போலிருக்கிறது. ஆனால் முன்னோட்டம் பார்க்கும்போது பாதி அளவில் பார்த்தால் புள்ளிகள் கால்வாசியாகிவிடும், மெமரியும் கால்வாசி. கடைசியில் எக்ஸ்போர்ட் செய்யும்போது முழு அளவில் வந்துவிடும். பூ விரிகிறதா இல்லையா என்று பார்க்க முழு 4கே எதற்கு? பிரீமியர் தயாரிக்கும் அடோபியே 4கே வேலைக்கு 32 ஜிபியிலிருந்துதான் பரிந்துரை செய்கிறது. சினிமாக்காரர்களும் நாள் முழுக்க கிராஃபிக்ஸ் செய்பவர்களும் 64, 128 என்று போகட்டும், அவர்களுக்கு அது நியாயம். ஒரு கல்யாணத்துக்கு இரண்டு டைட்டில் போடும் ஸ்டூடியோவுக்கு 32 தாராளம்.

பெட்டியே மாற்றாமல் சமாளிக்க ஒரு வழி உண்டே என்று சிலர் கேட்கலாம். ப்ராக்ஸி. 4கே காட்சிகளுக்குச் சின்ன நகல் எடுத்து அதில் எடிட் செய்துவிட்டு, கடைசியில் அசலை மாற்றிக்கொள்வது. நல்ல வழிதான், அண்ணனும் ஆறு மாதம் அப்படித்தான் ஓட்டினார். ஆனால் நகல் எடுக்க அந்தப் பெட்டிக்கு ஒரு ராத்திரி முழுக்க ஆகும். 100 மெகாபிட் வேகத்தில் பதிவானால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி, இரண்டு கேமரா, வரவேற்பிலிருந்து நலங்கு வரை... கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். தை மாதம் வாரத்துக்கு மூன்று முகூர்த்தம் வந்தால் ராத்திரி போதாது.

ஒரு நாள் காலை ரயிலில் எழும்பூரில் இறங்கி ரிச்சி தெருவுக்கு இருவருமே போனார்கள். அண்ணி நோட்டோடு. அந்தத் தெருவைப் பார்க்காதவர்களுக்கு: மவுன்ட் ரோட்டை ஒட்டிய குறுகலான சந்துகள், இரண்டு ஆள் அகலத்தில் கடைகள், ஒரு கடையில் இல்லாத பொருளைப் பையன் ஓடிப்போய் எதிர்க்கடையிலிருந்து எடுத்துவருவான். மார்கழியிலும் வியர்க்கும்.

"பழைய ரேமை இதுல போட முடியாதாங்க?" அண்ணியின் முதல் கேள்வி. முடியாது. டிடிஆர்3, 4, 5 மூன்றுக்கும் அடியில் இருக்கும் வெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கும், ஸ்லாட்டில் உட்காரவே உட்காராது. கடைக்காரர் மூன்றையும் எடுத்து வரிசையாக வைத்துக் காட்டினார். நல்ல மனுஷன்.

டிடிஆர்4 போர்டு போட்டால் கொஞ்சம் மிச்சமாகும் என்றார். அதன் விலையும் ஏறித்தான் இருந்தது, இருந்தாலும் 5-ஐவிடக் குறைவு. இதில் இருவருக்கும் கடையிலேயே சின்ன சண்டை. அண்ணனுக்கு டிடிஆர்5. அண்ணிக்கு மிச்சம். கடைசியில் டிடிஆர்5 ஜெயித்தது. டிடிஆர்4 வழக்கொழிந்துகொண்டு போகிற சரக்கு, நாலு வருடம் கழித்துக் கூடுதலாக வாங்க நினைத்தால் கிடைக்குமா என்பது சந்தேகம் என்று அண்ணன் சொன்னதில் நியாயம் இருந்தது. 16, 16 என்று இரண்டு துண்டு. ஒரே 32 துண்டு வாங்கி ஒரு ஸ்லாட்டைக் காலியாக விடலாம்தான், ஆனால் ஜோடியாகப் போட்டால்தான் இரண்டு பாதையிலும் போக்குவரத்து ஓடும். பின்னால் இன்னும் இரண்டு சேர்த்து நாலாக்கினால் டிடிஆர்5 வேகம் குறையும் என்பதையும் கடைக்காரர் மறைக்காமல் சொன்னார்.

எஃப் இல்லாத இன்டெல் 14-ஆம் தலைமுறை ஐ5. ஒரு டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி. கேபினட், மானிட்டர், பழைய கிராஃபிக்ஸ் கார்டு எல்லாம் வீட்டில் இருப்பதே. பழைய ஹார்ட் டிஸ்க் முடிந்த கல்யாணங்களைச் சேமிக்க மட்டும்.

பில் போடும்போதுதான் அடுத்த காட்சி. "பில் வேணாம்னா ஜிஎஸ்டி 18 சதவீதம் குறையும்" என்று பக்கத்தில் நின்ற ஒருவர் அண்ணன் காதில் ஓதினார். அவர்கள் ஸ்டூடியோ ஜிஎஸ்டியில் பதிவு செய்யும் அளவுக்குப் பெரியதில்லை, கட்டிய வரியைத் திரும்ப எடுக்க வழியில்லை. அண்ணன் முகம் கொஞ்சம் மலர்ந்தது. அண்ணி, "பில் போடுங்க" என்றார். ஆடியைப் போல மூன்று மடங்கு கொடுத்து வாங்கும் ரேம் ஆறு மாதத்தில் படுத்துவிட்டால், வாரன்டிக்கு என்னத்தைக் காட்டுவது?

மொத்தம் 81,000 சொச்சம் வந்தது.

வளையலைப் பற்றி ஒரு வார்த்தை. வருமான வரிக் கணக்கில் கம்ப்யூட்டருக்கு ஆண்டுக்கு 40 சதவீதம் தேய்மானம். 80,000 ரூபாய் பெட்டி முதல் வருடம் 48,000, அடுத்து 28,800, மூன்றாம் வருடம் 17,280. ஏட்டுக் கணக்குதான், ஆனால் பழைய கம்ப்யூட்டரை விற்கப் போனவர்களுக்குத் தெரியும், சந்தை இதைவிடக் கொடுமை. தங்கம் 2025-இல் போன போக்கோ ஊருக்கே தெரியும். ஏறுகிற பொருளை அடகில் முடக்கி, வட்டியும் கட்டி, இறங்குகிற பொருளை வாங்குவதற்கு உருப்படியான காரணம் வேண்டும். கேமராவுக்கு அந்தக் காரணம் இருந்தது, அது இல்லாமல் ஆர்டரே வராது. கூடுதல் 32 ஜிபிக்கு நோட்டில் எந்தப் பக்கத்திலும் காரணம் இல்லை.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் மாட்டியபின் சாலிகிராமம் பையன் மறுபடி போனில் வந்தான். டாஸ்க் மேனேஜரில் மெமரி வேகம் எவ்வளவு காட்டுகிறது என்று கேட்டான். 4800. பெட்டி மேல் 6000 என்று அச்சடித்திருக்கிறது. அண்ணனுக்குத் தூக்கிவாரிப் போட்டது, போலிச் சரக்கோ என்று. போலி இல்லை. போர்டு முதலில் பாதுகாப்பான வேகத்தில்தான் ஓட்டும், பயாஸுக்குள் போய் எக்ஸ்எம்பி என்ற ஒன்றை ஆன் செய்தால்தான் அச்சடித்த வேகம் வரும். காசு கொடுத்து வாங்கிய வேகத்தைக் கடைசிவரை பூட்டியே வைத்திருப்பவர்கள் எத்தனை பேரோ! பயாஸ் என்றதும் அண்ணன் கை நடுங்க, பையன் சொல்லச் சொல்ல அண்ணிதான் அழுத்தினார்.

கார்த்திகையில் எடுத்து முடிக்காமல் கிடந்த ஒரு கல்யாணத்தை முதலில் திறந்தார்கள். டாஸ்க் மேனேஜரில் 'வீடியோ டிகோட்' என்ற கோடு, பழைய பெட்டியில் செத்துக் கிடந்தது, மேலே எழுந்து ஓடியது. ப்ராசஸர் பாதிகூடத் தொடவில்லை. மாப்பிள்ளை கை நிற்காமல் போய் மூன்று முடிச்சும் போட்டது. டைட்டிலைப் பாதி அளவில் ஓட்டினார்கள், மெமரி 32-இல் 19. அண்ணி அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

85,000-இல் மிஞ்சியதை எடுத்துக்கொண்டு மறுநாள் யூபிஎஸ்ஸுக்குப் புது பேட்டரி வாங்கப் போனார் அண்ணன். அதற்கும் பில் வாங்கி வரச் சொல்லித்தான் அனுப்பினார் அண்ணி. :-)